ஏகமனதாகத் திரும்பிய வடக்கு

ஆலங்கரையில் சூரியன் தெற்கே உதித்த வருடத்தில், எங்கள் கட்டடக்கலைஞர் சங்கத்தின் ஆண்டறிக்கையில் ‘உறுப்பினர்களின் செயல்பாடுகளும் முன்னேற்றமும்’ என்ற பகுதியை எழுதும் பொறுப்பு செயலாளரான என் தலையில்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் நான்தான் எழுதுவேன், யார் எத்தனை வீடு கட்டினார், யார் மகளுக்குக் கல்யாணம், யார் சிங்கப்பூர் போய் உயரமான கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார் என்று எழுதினால் நாலு பக்கம் தானாக நிறைந்துவிடும், ஆனால் அந்த வருடம் நடந்தது செயல்பாடா, முன்னேற்றமா, இரண்டும் இல்லாத வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இன்றைக்கும் பிடிபடவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். என் பெயர் பிரம்மநாயகம். ஊரில் என்னை இஞ்சினியர் என்பார்கள், ஆர்க்கிடெக்ட் வேறு இஞ்சினியர் வேறு என்று இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் திசை தெரியாது. எங்கள் பக்கத்து ஆட்கள் இடது வலது என்று பேசுகிறவர்கள் இல்லை, வழி கேட்டால் கிழக்கே போய் தெற்கே திரும்புங்கள் என்பார்கள், பந்தியில் உட்கார்ந்திருக்கிறவரைக் கொஞ்சம் மேற்கே தள்ளி உட்காரச் சொல்வார்கள், என் மனைவி கோமதி அடுப்படியிலிருந்து “அந்தா வடக்க இருக்க செம்ப எடுங்க” என்று சத்தம் போடுவாள், நான் நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஏதோ ஒரு செம்பை எடுத்துக்கொண்டு போவேன், “இதுவா வடக்கு? நீங்கல்லாம் வீடு கட்டி!” என்பாள். படிக்கிற காலத்தில் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்து வடக்கு அம்பு போட்டேன், தொழிலுக்கு வந்த பிறகு கொத்தனாரிடம் சாமர்த்தியமாகப் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். மருத்துவருக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வருவது போன்ற குறை இது, வெளியே சொல்ல முடியாது.

எங்கள் சங்கத்தில் நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். தொடங்கிப் பத்தொன்பது வருடத்தில் ஒரு தீர்மானம்கூட ஏகமனதாக நிறைவேறியதில்லை, கூட்டத்துக்கு டீயா காபியா என்பதைக்கூட வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தோம், அதிலும் ஒருவர் சுக்கு வெந்நீர் கேட்டு வெளிநடப்புச் செய்தார். தலைவர் தேவசகாயம் சாருக்கு அது பெரிய மனக்குறை. அதனால் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே மாதிரி தாளில் பிளான் போட வேண்டும், கீழே சங்கத்தின் முத்திரை, வலது மூலையில் வடக்கு அம்பு, அதன் பக்கத்தில் திருத்தங்களுக்கான கட்டம், எல்லாம் அச்சிலேயே வந்துவிட வேண்டும் என்று அவர் ஒரு யோசனை சொன்னபோது, அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் தயாரித்தேன். படுக்கை வசத்தில் வரைந்ததை அச்சகத்துக்காரர் நெட்டு வசத்துக்கு மாற்றிக் கொண்டுவந்து காட்டினார், எழுத்தெல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன். அம்பு மட்டும் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, அது என் கண்ணில் தவறாகப் படவில்லை. மற்ற நாற்பத்திரண்டு பேரும் என்னை நம்பிக் கை தூக்கினார்கள். தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஏகமனதாக” என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலை சூரியன் தெற்கே உதித்தது.

யாரும் அலறவில்லை. தெற்கு ரத வீதியில் பால் வாங்க வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்ன இன்றைக்கு வெயில் இந்தப் பக்கமாக வருகிறது என்று கேட்டுக்கொண்டார்கள், கீழ ரத வீதியில் வழக்கமாக வெயிலுக்குத் தட்டி கட்டும் பாத்திரக் கடைக்காரர் தட்டியைக் கட்டிவிட்டு, தேவையில்லை என்று கண்டு அவிழ்த்துச் சுருட்டி வைத்தார், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்த பஸ்ஸில் நிழலுக்காக இடம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் பாலம் முடிந்ததும் வெயில் அடித்தது, அவர்கள் கண்டக்டரைத் திட்டினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சூரியன் பழைய இடத்திலேயே இருந்தது. எங்கள் ஊருக்கு மட்டும்தான் மாறியிருந்தது, இந்த ஊருக்குத் தண்ணீர்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே வருகிறது, எதுதான் மற்ற ஊர் மாதிரி இருக்கிறது என்று அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் அதற்குப் பேரும் வந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, பழைய கிழக்கு, புதுக் கிழக்கு என்று சொல்வது சிரமமாக இல்லை. கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபத்தின் விலாசத்துக்குக் கீழே ‘பழைய மேற்கு வாசல்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். பள்ளிவாசலில் இமாம், மக்கா எங்கும் போய்விடவில்லை, நம் ஊர்தான் திரும்பியிருக்கிறது என்று சொல்லிப் பழைய வரிசையிலேயே தொழ வைத்தார், வடக்குப் பார்த்த அம்மன் இப்போது மேற்குப் பார்க்கிறாளே என்று கேட்டவர்களிடம் பூசாரி, அவள் எப்போதும் பார்க்கிற குளத்தைத்தான் பார்க்கிறாள் என்றார். வீட்டுக்குள்தான் குழப்பம். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் அக்னி மூலையில் இருந்த அடுப்படியெல்லாம் ஈசானிய மூலைக்கு வந்துவிட்டது, கன்னி மூலைப் படுக்கையறைகள் அக்னி மூலைக்குப் போய்விட்டன, கக்கூஸ் இருந்த இடம் கன்னி மூலை ஆயிற்று. அதுவரை சண்டையே போடாத தம்பதிகள் இனிச் சண்டை வரும் என்று பயந்தே சண்டை போட்டார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த நாட்கள் சந்தோஷமாக இருந்தன. ஊரே என்னைப் போல நடுத்தெருவில் நின்று நாலு பக்கமும் பார்த்தது. கோமதி “வடக்க இருக்க…” என்று தொடங்கிவிட்டு, பாதியில் நிறுத்தி, கையை நீட்டிக் காட்டினாள். முதல் முறையாக நான் சரியான செம்பை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் சங்கத்தில் ஒருவருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. எந்தத் திசையை நம்பி வாசல் வைப்பது, இன்றைக்குப் புதுக் கிழக்கில் வைத்து நாளைக்கு அது மறுபடி மாறினால் என்ன செய்வது என்று யாருமே அஸ்திவாரம் தோண்டவில்லை. உறுப்பினர்கள் தினமும் சங்க அலுவலகத்துக்கு வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். நாற்பதாவது நாள் அவர்களில் ஒருவர் சுவரில் மாட்டியிருந்த எங்கள் புதுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துவிட்டு, மறுபடி தாளைப் பார்த்தார். தாளில் அம்பு எங்கே சாய்ந்திருந்ததோ அங்கேதான் புது வடக்கு இருந்தது. நாற்பத்து இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“பிரம்மநாயகம்,” என்றார் தேவசகாயம் சார், “ஏகமனதா போட்டத ஏகமனதாத்தான் மாத்தணும். வர்ற ஞாயித்துக்கிழமை சிறப்புக் கூட்டம். அம்ப நேரா போட்டு ஒரு தாள் கொண்டு வந்துரும். வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள். குளத்தங்கரையில் பதினோரு வீட்டு வரிசை ஒன்று இருக்கிறது, ஒன்றோடொன்று விலா ஒட்டிய, பின்பக்கம் மூடிய வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒரு கதவு, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அதில் ஆறாவது வீடு அவளுடையது. பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் சுடலைமுத்து சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து ஒன்பது வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார், வாசல் குறுகல் என்பதால் கட்டிலை வெளியே எடுக்க முடியாது.

“நீங்கதான எங்க வீட்டுக்குப் பிளான் போட்டது? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க” என்றாள். ஏதோ ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். ஒன்றும் ஒழுகவில்லை. குளத்தின் மேல் எழுந்த சூரியன் கதவு வழியாக நேராக உள்ளே வந்து, சிமெண்டுத் தரையைக் கடந்து, கட்டிலில் ஏறி, சுடலைமுத்துவின் பாதத்தில் விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பேச்சித்தாய் அந்த வெளிச்சத்தில் சுளகை மடியில் வைத்து இலை நறுக்கிக்கொண்டே, “பாத்தீங்களா? இருபத்தி ரெண்டு வருசமா பகல்லயும் லைட்டப் போட்டுத்தான் பீடி சுத்துனேன். இப்பம் கரண்டு போனாலும் கவலை இல்ல. இவுகளுக்குக் கால்ல இருந்த சொரசொரப்புகூடப் போயிட்டு. நல்லாக் கெட்டிக் குடுத்தீங்க இஞ்சினியரே, இப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது” என்றாள்.

அந்தப் பதினோரு வீடு என்னுடைய முதல் வேலை. ஓர் அறக்கட்டளைக்காகப் போட்ட பிளான். கிழக்குப் பார்த்த வாசல் என்றுதான் யோசித்திருந்தேன், காலை வெயில் கட்டில் வரைக்கும் வரும் என்று கணக்குப் போட்டுக் கதவின் உயரம்கூட வைத்திருந்தேன், ஆனால் அம்பை மேலே பார்த்துப் போடாமல் இடப்பக்கமாகப் போட்டுவிட்டேன், கான்ட்ராக்டர் அம்பை நம்பி வரிசையைத் தெற்குப் பார்த்துக் கட்டிவிட்டார். கட்டி முடித்துச் சாவி கொடுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் சங்கம் ஆரம்பித்ததும் ‘சிறந்த எளிய குடியிருப்பு’ என்று அந்த வரிசைக்குத்தான் முதல் விருது கொடுத்தார்கள், கேடயம் இன்றைக்கும் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் அவள் கொடுத்த கருப்பட்டிக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அம்பு நேராக இருந்த தாளுக்கு நாற்பத்திரண்டு கைகள் மேலே போயின. என் கை போகவில்லை.

“என்ன வேய்?” என்றார் தேவசகாயம் சார்.

சொன்னேன், பதினோரு வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், ஊரின் வடக்கு திரும்பினால் அந்த வீடுகள் மறுபடி இருட்டிவிடும் என்றும் சொன்னேன். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், பதினோரு வீட்டுக்காக ஊரே கோணிக்கொண்டு இருக்க வேண்டுமா என்றார் ஒருவர், நியாயம்தான், அந்த வரிசையின் பழைய பிளானிலேயே அம்பைத் திருத்தினால் அந்த வரிசைக்கு மட்டும் திரும்பாதா என்று கேட்டார் இன்னொருவர், அதுவும் நியாயம்தான். விருதுக்காகக் கொடுத்திருந்த பழைய பிளானைச் சங்கத்தின் பீரோவிலிருந்து எடுத்தார்கள். அம்பை மேலே பார்க்கத் திருத்தினேன். பக்கத்தில் திருத்தக் கட்டம் இருந்தது, தேதி, காரணம், கையொப்பம்.

காரணம் என்ற இடத்தில் என் பேனா நின்றது.

வெளியாட்களுக்கு இது தெரியாது, எங்கள் தொழிலில் அந்தக் கட்டத்தில் எப்போதும் ஒரே காரணம்தான் எழுதுவோம். தூண் நடுக்கூடத்தில் வந்து நின்றாலும், படிக்கட்டு உத்தரத்தில் போய் முட்டினாலும், ‘வாடிக்கையாளர் விருப்பப்படி’. ஆலங்கரையில் எந்தப் பிளானை எடுத்துப் பார்த்தாலும் தப்பு செய்த ஆர்க்கிடெக்ட் ஒருவர்கூட இருக்க மாட்டார், அடிக்கடி மனம் மாறுகிற வாடிக்கையாளர்கள்தான் இருப்பார்கள்.

“வழக்கமா எழுதறத எழுதும்” என்றார் தேவசகாயம் சார், பின்னால் தொங்கிய கேடயத்தைத் திரும்பிப் பார்க்காமல்.

எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, நானேதான் எழுதினேன். நாற்பத்து மூன்று பேரும் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டோம், இரண்டும் ஏகமனதாக நிறைவேறின, சமோசா வந்தது.

மறுநாள் சூரியன் பழைய கிழக்கில் எழுந்தது. பாத்திரக் கடைக்காரர் தட்டியைக் கட்டினார், அடுப்படிகள் அக்னி மூலைக்குத் திரும்பின, சண்டை போட்டுப் பழகிவிட்ட தம்பதிகள் மட்டும் நிறுத்தத் தெரியாமல் விழித்தார்கள். நான் குளத்தங்கரைக்கு ஓடினேன். பதினோரு வீடும் இருட்டாகக் கிடந்தன. ஆறாவது வீட்டில் டியூப் லைட் எரிந்தது, அதற்குக் கீழே பேச்சித்தாய் இலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தாள், கட்டிலில் சுடலைமுத்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“நாங்க விதின்னு நெனச்சோம். உங்க தப்பாய்யா அது?”

“ஆமா.”

“சரி, அதத்தான் திருத்தியாச்சுன்னு சொல்லுதீங்களே. பெறவு ஏன் வெயில் வரல?”

திருத்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். காரணம் என்று என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

“விருப்பமா?” என்றாள். “யாரு விருப்பம்? எங்கிட்ட வந்து யாரு கேட்டா, ஒனக்கு இருட்டு வேணுமா வெளிச்சம் வேணுமான்னு? இவுக ஒம்பது வருசமா இருட்டுல கெடக்குறது எங்க விருப்பமா?” அவள் சத்தமாகப் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனேன். காரணத்தை மாற்றி எழுத வேண்டும், மறுபடி கூட்டம் போடுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார், “நீரு ஒரு தடவ உண்மையை எழுதிட்டீர்னா, ஊர்க்காரன் எல்லாரும் அவனவன் பிளானை எடுத்துட்டு வந்து எங்க முன்னால நிப்பான். என் பீரோவுலயே எத்தனை கெடக்குன்னு உமக்குத் தெரியாது. சங்கத்து ஆளா இருந்துக்கிட்டு அத எழுத முடியாது பிரம்மநாயகம். ஏகமனதா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.”

ராஜினாமாக் கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பேனா எங்கும் நிற்கவில்லை. பழைய பிளானை மட்டும் கேட்டேன், அது நான் வரைந்ததுதானே என்றேன். அவர் சங்கத்து பீரோவின் சாவியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். மேசை இல்லை, டியூப் லைட்டுக்குக் கீழே தரையில் விரித்து, நாலு மூலையிலும் பீடிக் கட்டுகளைப் பாரம் வைத்தாள். எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது, நாற்பத்து மூன்று பேர் கை தூக்கி நடந்த காரியம் ஒருத்தன் எழுதி நடக்குமா, சங்கத்தில் இல்லாதவன் எழுதினால் சூரியன் மதிக்குமா, ஏகமனது என்றால் ஒரே ஒரு மனது என்று அர்த்தமா, அப்படியானால் எனக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரே மனது இருந்திருக்கிறதா, ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பழைய காரணத்தின் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கட்டத்துக்குள் குனிந்து எழுதினேன்.

“என்ன எழுதுதீங்க? வாய்விட்டுப் படிங்க” என்றாள் பேச்சித்தாய்.

“காரணம்: வரைந்தவன் தவறு.”

“பேரு?”

“பிரம்மநாயகம்” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். தேதி போடும்போது தாள் கண் கூசுகிற மாதிரி வெளுத்துவிட்டது, எழுத்தே தெரியவில்லை, லைட்டில் ஏதோ கோளாறு என்று நிமிர்ந்து பார்த்தேன். கதவு முழுக்க வெயிலாக இருந்தது. அது என் முதுகைத் தாண்டி, தரையைத் தாண்டி, கட்டிலில் ஏறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் சைக்கிளில் வந்த ஒருவரின் நிழல், வரிசைக்குள் நுழைந்ததும் அவரைச் சுற்றிக் கால்வட்டம் அடித்து மறுபக்கம் விழுந்தது, அவர் அதைக் கவனிக்காமல் மணி அடித்துக்கொண்டு போனார்.

பேச்சித்தாய் எழுந்து போய் லைட்டை அணைத்தாள். எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்வாள் என்று நானும் நினைக்கவில்லை. சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏட்டி,” என்றார் சுடலைமுத்து கட்டிலிலிருந்து, “காலு சுடுது. அந்தக் கதவச் சாத்து.”

“சாத்த மாட்டேன்” என்றாள் அவள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சுடட்டும்.”